முனை மழுங்காத கல்

அந்தக் கடையில் ஒரு நாற்காலி, இரண்டு கண்ணாடி. நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு முன்கண்ணாடியில் தன் முகமும், பின்கண்ணாடியில் தன் பிடரியும் தெரியும். ஆனால் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற ஆளுக்குக் கடை மொத்தமும் தெரியும். வாசல், பெஞ்சு, துண்டு காயும் கொடி, மூலையில் மருமகளின் நக மேசை, எல்லாம். திரும்பாமலே எல்லாரையும் பார்க்கலாம். முப்பத்தெட்டு வருஷம் அப்படிப் பார்த்ததில் அவருக்கு ஒரு மனுஷன் மேலும் நம்பிக்கை மிச்சமில்லாமல் போய்விட்டது.

தெரு அவருக்கு வைத்த பேர் முறைப்பு. நேரில் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். முறைப்பார், அவ்வளவுதான்.

யார் உடம்பில் என்ன இருக்கும் என்று எவனுக்குத் தெரியும் என்பார். அதனால் தலைக்கு ஒரு பிளேடு. வந்தவன் கண்ணெதிரே காகிதத்தைப் பிரித்து, பிளேடை இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகுவார். முடிந்ததும் அது மூடியில் கீறல் போட்ட தகர டப்பாவுக்குள் போய்விடும். துண்டுகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் குச்சியால் கிண்டுவார். கடைசியாகப் படிகாரக் கல்லைத் தண்ணீரில் நனைத்து முகம் முழுக்கத் தேய்ப்பார். எங்கேயாவது லேசாகக் கீறி ரத்தம் எட்டிப் பார்த்திருந்தால் அந்த இடத்தில் கல்லை வைத்து அழுத்துவார். சுரீரென்று எரியும். "எரிஞ்சாத்தான்யா சுத்தம்" என்பார். காலையில் கடை திறந்ததும் முதல் முகம் அவருடையது. தனக்குத் தானே மழித்து, அதே கல்லைத் தேய்த்துக்கொண்டுதான் அடுத்தவனைக் கூப்பிடுவார்.

மழை பிடித்துக்கொண்ட மாசம் அது. துண்டுகள் காயவில்லை. கடைக்குள் ஈர வாடை. அப்போதுதான் ரொட்டிக்கடைக்காரர் படுத்துவிட்டார் என்று சேதி வந்தது. எதிர் வரிசையில் ரொட்டிக்கடை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறைப்பிடம் வந்து மழித்துக்கொள்கிற ஆள். தாடையில் மிளகு கணக்கா ஒரு மச்சம். எத்தனை பதமாக ஓட்டினாலும் அதில் கத்தி தட்டிவிடும். ஆளுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள், சோற்றைப் பார்த்தாலே குமட்டல், பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறார். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கல்லீரலைத் தாக்குகிற பி வகைக் கிருமி, ரத்தத்தோடு ரத்தம் பட்டால் வருவது என்று சொல்லியிருக்கிறார்கள். ஊசி போட்டீர்களா, பல் பிடுங்கினீர்களா என்று கேட்டுவிட்டுக் கடைசியில் எங்கே சவரம் செய்கிறீர்கள் என்றும் கேட்டார்களாம்.

நாலாம் நாள் சுகாதார ஆய்வாளர் அம்மா குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். முறைப்பு எல்லாவற்றையும் காட்டினார். பிளேடு, டப்பா, துண்டு, கொதிக்கிற பானை. அந்த அம்மா தலையாட்டி எழுதிக்கொண்டார். மருமகளின் மேசையையும் பார்த்தார். அதையும் எழுதிக்கொண்டார். போகிற போக்கில் கேட்டார்.

"பெரியவரே, ரத்தம் வந்தா என்ன செய்வீங்க?"

"எங்கிட்ட ரத்தம் வராதும்மா."

"யாருக்குமே?"

"முப்பத்தெட்டு வருஷமா வரலே."

சவரக்காரனிடம் ரத்தம் வருமா என்று கேட்பதும், சமையல்காரனிடம் உன் சோறு குழையுமா என்று கேட்பதும் ஒன்றுதான். எவன் ஆமாம் என்பான்? சொன்னது பொய் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் கண்ணாடியில் ஒன்று தெரிந்தது. மூலையில் மருமகள் வாயைத் திறக்கப் போய் மூடிக்கொண்டாள்.

என்ன சொல்ல வந்தாள்? எதை மறைத்தாள்? அங்கே விழுந்தது சந்தேகம்.

மருமகள் வந்து இரண்டு வருஷம். மகன் தூரத்து லாரி ஓட்டுகிறவன், மாசத்தில் பாதி நாள் ரோட்டில்தான். அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே அழகு நிலையத்தில் நக வேலை படித்தவள். கடை மூலை சும்மாதானே கிடக்கிறது என்று போன வருஷம் மேசை போட்டாள். பொம்பளைகள் வர ஆரம்பித்தார்கள். முறைப்புக்கு அது அன்றைக்கே பிடிக்கவில்லை. நகத்தைச் சுற்றித் தோலைத் தள்ளுகிறாள், வெட்டுகிறாள், அரத்தால் ராவுகிறாள். அதுவும் ரத்தம் வருகிற வேலைதானே? ரொட்டிக்கடைக்காரர் பெண்டாட்டியும் இவளிடம் வந்து கையை நீட்டினவள்தானே? அவளுக்கு ஒட்டி, அவள் மூலமாகப் புருஷனுக்கு ஒட்டியிருக்கும். கணக்கு நேராக வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ரொட்டிக்கடை பெஞ்சில் நாலு பேர் கேட்க அவர் சொன்னார்.

"எங்கிட்ட ஒரு குறை சொல்ல முடியாது. எல்லாம் அந்த நக மேசையால வந்த வினை. ஞாயித்துக்கிழமைக்குள்ள தூக்கிடறேன் பாரு."

அந்தத் தெருவில் ஒரு பேச்சு இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக ஒரு சிகரெட் நேரம் போதும். மறுநாள் நக மேசைக்கு ஒருத்தியும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி வாசல் வரை வந்தவள், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மழையிலேயே திரும்பிப் போனாள். முறைப்பிடம் வந்தவர்களும் உட்காரும்போதே கேட்டார்கள்.

"புது பிளேடுதானே?"

"ஏன், என்னைச் சந்தேகப்படறியா?"

"இல்லே மாமா, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கறவன் வீட்டுல போய்ச் செரச்சிக்கோ!"

வீட்டில் அவர் சம்சாரம் சோற்றை வட்டிலில் போடவில்லை, கொட்டினாள்.

"உங்க வாயிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும். அந்தப் பொண்ணு ரெண்டு நாளா ஒரு வாய் ஒழுங்கா சாப்பிடலே."

"உண்மையைச் சொன்னா உறைக்கத்தான் செய்யும்."

"எது உண்மை? நம்ம கல்யாணமான புதுசுல உங்களுக்குக் கண்ணு ரெண்டும் மஞ்சளா ரெண்டு மாசம் படுத்துக் கிடந்தீங்களே, அப்ப உங்களுக்கு எவ வந்து நகம் வெட்டினா?"

"அது சூடு. மோரைக் குடிச்சேன், போயிடுச்சு."

"ஆமா, பெரிய வைத்தியரு! மருமக வந்த புதுசுலயே சொன்னா, குடும்பத்தோட ஊசி போட்டுக்கலாம் அத்தை, மூணு ஊசிதான், இந்தத் தொழில்ல இருக்கறவங்க போட்டுக்கணும்னு. அவ படிக்கறப்பவே போட்டுக்கிட்டாளாம். நல்லா இருக்கற உடம்புல எதுக்கு ஊசின்னு கத்தினது யாரு?"

அதற்குள் மகன் போனில் வந்தான். பின்னால் லாரி இரைச்சல்.

"அப்பா, மேசையைத் தூக்கறதுன்னா தூக்கிக்கோங்க. அவளையும் சேத்துத் தூக்கிட்டதா நினைச்சுக்கோங்க. நான் வேற ஊர்ல வீடு பார்த்துக்கறேன். அவ தொழில் பேரைக் கெடுத்துட்டீங்க. நாளைக்கு எங்க போய் உக்காருவா? இந்த மேசைக்காரிதானேன்னு கேக்க மாட்டாங்களா?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டயம் இருக்கு. நான் கையும் களவுமாப் பிடிச்சுக் காட்டறேன்."

"பிடிங்க" என்று வைத்துவிட்டான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார் மனுஷன். ஒருத்தன் தலையில் கத்திரி ஓடும், கண் முன்கண்ணாடியில் இருக்கும். ஊருக்குப் புதுசாக வந்த ஒரு பெண் மட்டும், பேச்சு காதில் விழாதவள் போலிருக்கிறது, மேசைக்கு வந்தாள். மருமகள் கையைக் கழுவினாள். உறையை மாட்டினாள். அவள் எதிரிலேயே கவரைக் கிழித்துப் புது அரத்தை எடுத்தாள். நகத்தோரத் தோலை வெட்டவில்லை, ஊறவைத்துத் தள்ளினாள். முடிந்ததும் அரத்தை ஒடித்துக் குப்பையில் போட்டாள். இரும்புச் சாமான்களைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி மருந்துத் தண்ணீரில் முழுகப் போட்டு, கடிகாரத்தைத் திருப்பி வைத்தாள். அது மணி அடிக்கிற வரைக்கும் தொடவில்லை.

ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவரை அரித்தது. இவ்வளவு சுத்தமாக ஒருத்தி எதற்கு இருக்க வேண்டும்? நம்மை வைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறாளா?

வெள்ளிக்கிழமை காலையில் தனக்கு மழித்து முடித்துக் கல்லை எடுத்தார். கன்னத்தில் ஓட்டினார். நிறுத்தினார். மறுபடி விரலால் தடவிப் பார்த்தார்.

கல்லுக்கு முனை இருந்தது.

படிகாரக் கல் சோப்பு மாதிரி. பத்து நாள் தேய்த்தால் மூலை மழுங்கி வழவழவென்றாகிவிடும். இந்தக் கல்லை வாங்கி எத்தனை மாசம் இருக்கும்? நினைவில்லை. இத்தனை நாளில் அது கூழாங்கல் மாதிரி ஆகியிருக்க வேண்டும். இதுவோ நேற்று உடைத்த மாதிரி குத்துகிறது. எத்தனையோ நாளாக இப்படித்தான் இருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. கை ரேகைக்குத் தெரிந்தது மண்டைக்குத் தெரியவில்லை.

கல்லைக் கிண்ணத்தில் வைத்தார். இரண்டு பேருக்கு மழித்தார். பிறகு துண்டு எடுக்கிற சாக்கில் கொடிப் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கண் மட்டும் கண்ணாடியில்.

மருமகள் எழுந்தாள். பூனை மாதிரி வந்தாள். உறை போட்ட கையால் கிண்ணத்திலிருந்த கல்லை எடுத்தாள். கிண்ணத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு மடியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டாள்.

இரண்டே எட்டில் அவர் அவள் எதிரில் நின்றார்.

"என்னம்மா கையில?"

"ஒண்ணுமில்ல மாமா."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குக் கையை மூடறே? திற."

திறந்தாள். ஈரக் கல். ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கறை.

"கடைக்கு எதாவது வச்சிட்டியா? மந்திரிச்சதா?"

அவளுக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா தெரியவில்லை. மேசையின் கீழ் இழுப்பறையை இழுத்தாள். ஒரு பிஸ்கெட் டப்பா. ஒரு பாதியில், உடைத்த புதுப் படிகாரத் துண்டுகள், எல்லாம் கிண்ணத்துக் கல் அளவில். இன்னொரு பாதியில், காகிதத்தில் பொதிந்த பழசுகள்.

"போன வருஷமே சொன்னேன் மாமா. ஒருத்தர் ரத்தத்துல வச்ச கல்லை இன்னொருத்தர் ரத்தத்துல வைக்கக் கூடாது, அந்தக் கிருமி காஞ்ச ரத்தத்துலயும் ஒரு வாரம் உயிரோட இருக்கும்னு சொன்னேன்."

"எப்ப சொன்னே?"

"சீப்பை எம்மேல வீசினீங்களே, அன்னைக்கு. 'படிகாரம் புண்ணையே ஆத்துது, அதுல போய் நோய் ஒட்டுமா, நேத்து வந்தவ எனக்குப் பாடம் எடுக்கறியா'ன்னீங்க."

சீப்பு நினைவிருந்தது. எதற்கு வீசினார் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அதுக்காகத் திருட்டுத்தனமா மாத்துவியா?"

"சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. மாத்தாம விட்டா எனக்கு மனசு கேக்கலை. நீங்க டீ குடிக்கப் போனா, துண்டு எடுக்கப் போனா மாத்துவேன். ஒவ்வொருத்தருக்கும் முடியலை. ஒரு நாளைக்கு நாலு தடவை, அஞ்சு தடவை."

"தினமுமா?"

அவள் டப்பாவை மூடினாள்.

"கேக்கறேன்ல? தினமும் மாத்தினியா?"

"எங்கம்மா காலை ஒடிச்சிக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நாப்பது நாள் நான் இங்க இல்லையே மாமா."

முறைப்பு விரலை மடக்கி எண்ணினார். அவள் போனது மழைக்கு முன்னால், கடைக்குள் மின்விசிறியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்ட வெக்கையில். மூணு மாசம் ஆகிறது. அந்த நாற்பது நாளில் ரொட்டிக்கடைக்காரரின் மச்சத்தில் எத்தனை தடவை கல்லை அழுத்தினார்? எல்லாவற்றுக்கும் ஒரே கல்.

"அந்த ஆய்வாளரம்மா கேட்டப்ப ஏன் சொல்லலே? வாயைத் திறந்தியே, நான் பார்த்தேன்."

"ரத்தமே வராதுன்னுட்டீங்க. உங்களைப் பொய்யராக்கிட்டு நான் அந்த வீட்டுல எப்படி மாமா சோறு திங்கறது?"

"தெரு முழுக்க உன் மேசையைச் சொன்னேனே, அப்பவாவது?"

"அப்ப சொல்லியிருந்தா, தான் தப்பிக்கறதுக்கு மாமனார் மேல பழி போடறா பாருன்னு நீங்களே சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பார். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

அன்றைக்கு மத்தியானமே இன்னொன்றும் தெரிந்தது. ரொட்டிக்கடைக்காரர் பெண்டாட்டிக்கு ரத்தம் எடுத்ததில் ஒன்றும் இல்லையாம், ஊசி போடச் சொல்லியிருக்கிறார்களாம். அவள் மூலமாகப் புருஷனுக்கு வந்தது என்று அவர் போட்ட கணக்கு பொசுக்கென்று போய்விட்டது.

அப்படியானால் அந்தக் கல்லில் இருந்தது யார் ரத்தம்? வழக்கமாக வருகிற ஒவ்வொருத்தனையும் மனசில் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தார். தபால்காரர், வாத்தியார், சைக்கிள் கடை அண்ணன் தம்பி. எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. ஆனால் அவர்கள் எல்லாருக்கும் முன்னால், தினமும் காலையில், முதல் ஆளாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தது யார்? கண் மஞ்சளாகி இரண்டு மாசம் கிடந்தது யார்?

சனிக்கிழமை கடையைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸ் பொண்ணு கையில் பட்டையைக் கட்டினாள். முறைப்புக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, ஊசி புதுசுதானே?"

கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். இப்போது அவள் பதிலுக்கு முறைப்பாள், வீட்டில் போய்க் குத்திக்கோ என்பாள் என்று பார்த்தார்.

அவள் கோபப்படவே இல்லை. "பாருங்க தாத்தா" என்று கவரை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, ஒட்டு பிரியாமல் இருப்பதைக் காட்டி, பிறகு கிழித்தாள். "கேக்கணும். எல்லாரும் கேட்டா எங்களுக்கும் நல்லதுதான்."

அவர் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

திங்கட்கிழமை டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "இருக்கு பெரியவரே. பல வருஷமாவே இருந்திருக்கலாம், உங்களுக்குத் தெரியாமலே. இன்னும் சில டெஸ்ட் பார்த்துத்தான் மருந்து வேணுமான்னு சொல்லணும். வீட்டுல எல்லாருக்கும் ரத்தம் பார்த்து ஊசி போடணும்."

"நான் கத்தி பிடிக்கலாமா?"

"பிடிக்கலாம். கையில கீறல் இருந்தா மூடணும், உறை போட்டுக்கணும். ரத்தம் பட்டது எதுவா இருந்தாலும் அடுத்தவர் மேல படக் கூடாது. அந்தக் கல்லை விட்டுடுங்க. பொடியாக்கி, புதுப் பஞ்சுல தொட்டு வச்சிட்டு, பஞ்சைத் தூக்கிப் போட்டுடுங்க."

"ரொட்டிக்கடைக்காரனுக்கு என்னாலதான் வந்துச்சா?"

"உறுதியாச் சொல்ல முடியாது. வந்திருக்கலாம். அவருக்கு அநேகமா தானாவே சரியாயிடும், பயப்படாதீங்க."

"இதுல கால்வாசி அத்தாட்சிகூட இல்லாம ஒருத்தி மேல பழி போட்டேன் டாக்டர்" என்றார் முறைப்பு. டாக்டருக்கு என்ன புரிந்ததோ, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நேராக ரொட்டிக்கடைக்குப் போனார். அதே பெஞ்சு. அதே நாலு பேர். ரொட்டிக்கடைக்காரர் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தார். முகத்தில் இரண்டு வாரத் தாடி. மஞ்சள் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

"வாய்யா முறைப்பு. ஞாயித்துக்கிழமை போயிடுச்சே, மேசையைத் தூக்கியாச்சா?"

"மேசை மேல ஒரு குத்தமும் இல்லே. எங்கிட்டதான் அந்தக் கிருமி இருக்கு. இப்பத்தான் காகிதம் வாங்கிட்டு வர்றேன். அன்னைக்கு இதே பெஞ்சுல உக்காந்து சொன்னது பொய். அதான் இதே பெஞ்சுல வந்து சொல்றேன்."

நாலு பேரும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

"உங்கிட்ட இருந்தா எனக்கு எப்படிய்யா வரும்? புது பிளேடுதானே போட்டே?"

"பிளேடு புதுசு. கல்லு பழசு. எனக்கு வச்ச கல்லைத்தான் உனக்கும் வச்சேன். அந்தப் பொண்ணு எனக்குத் தெரியாம மாத்தி மாத்தி வச்சுக் காப்பாத்தியிருக்கா. அவ இல்லாத நாப்பது நாள்லதான் நீ மாட்டிக்கிட்டே போலிருக்கு. நீங்க நாலு பேரும் போய் ரத்தம் குடுத்துப் பாருங்க. எங்கிட்ட வர்ற எல்லாருக்கும் சொல்லிடுங்க."

ரொட்டிக்கடைக்காரரின் விரல் தாடிக்குள் போய் மச்சத்தைத் தேடிப் பிடித்தது.

"எரியுதுய்யான்னேன். எரிஞ்சாத்தான் சுத்தம்னியே."

"சொன்னேன்."

"ரத்தமே வராதுன்னு அந்தம்மாகிட்ட வேற சொன்னியாமே."

"சொன்னேன். நாளைக்குப் போய் மாத்திச் சொல்லப் போறேன்."

"போய்யா. இப்பப் போயிடு. கொஞ்ச நாளைக்கு உன் மூஞ்சியைப் பாக்க முடியாது என்னால."

முறைப்பு எழுந்து மழையில் நனைந்துகொண்டே கடைக்கு வந்தார். கல்லையும் கிண்ணத்தையும் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டார். மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஞ்சு எங்கம்மா வாங்கறே?" என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

அவள் இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அதற்கு மேல் அவளுக்கும் வரவில்லை.

பதினைந்து நாள் கடையில் ஈ ஓட்டினார்கள், இரண்டு பேருமே. வந்த ஒன்றிரண்டு பேர் பிளேடு காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அவர் கையில் உறை. அது அவருக்கு இன்னும் பழகவில்லை, பிடி நழுவுகிறது என்று முனகிக்கொண்டே இருந்தார். மழை விட்டு, துண்டுகள் ஒருவழியாகக் காய்ந்து மொடமொடவென்று நின்ற ஒரு நாள் காலையில் வாசலில் நிழல் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரர் பெண்டாட்டி. அவளுக்குப் பின்னால் படிக்கட்டுக்குக் கீழே, தாடியும் தானுமாகப் புருஷன்.

அவள் நேராகப் போய் நக மேசை முன்னால் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். நீட்டியவள் சட்டென்று பாதியில் இழுத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏம்மா, எல்லாம் புதுசுதானே?"

மருமகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கவரை எடுக்கப் போன கை நின்றது. அதற்குள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து முறைப்பு குரல் கொடுத்தார்.

"கேளும்மா, நல்லாக் கேளு. அவளையும் கேளு, என்னையும் கேளு. கேக்காம எவனும் இந்தக் கடையில உக்காரக் கூடாது."

மருமகள் கவரை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக் கிழித்தாள்.

படிக்கட்டுக்குக் கீழே நின்றவர் தாடியைச் சொறிந்தார். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை. முறைப்பு திரும்பாமல், கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி, பழைய உறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது உறை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு நின்றார்.